250 என்று போட்டிருந்த நான்கு பாட்கள்

என் ஜாஸ் பேஸ் கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் காயில்) வால்யூமைத் தொட்டாலே கரகரவென்று சத்தம். காண்டாக்ட் கிளீனர் அடித்து, நாப்பை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஐம்பது தடவை திருப்பினேன். இரண்டு வாரம் சுத்தமாக இருந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி இரண்டு வாரம். மூன்றாவது தடவை கரகரப்பு போகவே இல்லை. சரி, நாப்புக்கு அடியில் இருக்கும் பாட்டை (பொட்டென்ஷியோமீட்டர், திருப்பினால் ரெசிஸ்டன்ஸ் மாறும் பாகம்) மாற்றிவிடலாம், மாற்றுவதென்றால் இரண்டு வால்யூம், ஒரு டோன் என்று மூன்றையும் சேர்த்தே மாற்றலாம் என்று 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர் பாட் நான்கு வாங்கினேன். மூன்று பேஸுக்கு, ஒன்று கைவசம்.

சால்டரிங் அயர்ன் சூடாகும் நேரத்தில் சும்மா இருக்காமல் மல்டிமீட்டரை எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்து இரண்டு கால்களிலும் வைத்துப் பார்த்தேன். 268, 241, 229, 214. நான்கிலும் ஒரே எழுத்து, ஒரே எண். ஏமாந்துவிட்டோமோ என்று முதலில் தோன்றியது. சாதாரண பாட்களுக்கு 20 சதவீதம் வரை கூடக்குறைய அனுமதி உண்டு. அதாவது 200-லிருந்து 300 வரை எது வந்தாலும் அது 250-தான்.

வால்யூமை முழுதாகத் திறந்துவிட்டால் பாட் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதானே என்று பல வருடம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 10-ல் வைத்தாலும் அந்தக் கார்பன் தடம் முழுவதும் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கிடக்கிறது. பிக்கப்பின் காயிலும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ட்ரெபிளில், அதாவது உயர்ந்த சுருதிகளில், ஓரிடத்தில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். காதுக்குப் பளிச்சென்று படுவது பெரும்பாலும் அந்த மேடுதான். பாட்டின் மதிப்பு குறையக் குறைய அந்த மேடு அமுங்கும். ஏற்கெனவே பளிச்சென்று இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250, இரண்டு காயில் சேர்ந்த, கொஞ்சம் கனத்த குரலுள்ள ஹம்பக்கருக்கு 500 என்று வழக்கம் வந்தது இதனால்தான். ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரில் 1 மெகா ஓம் வரை போனார்கள். இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புகளுக்கு உள்ளேயே சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இருப்பதால் 25 கிலோ ஓமே போதும்.

ஜாஸ் பேஸில் இன்னொரு விஷயம். இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருந்தால் இரண்டு பாட்டும் பேரலலாக நிற்கும், மொத்த ரெசிஸ்டன்ஸ் குறையும். ட்ரெபிளைப் பொறுத்தவரை டோன் பாட்டும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். 241, 229, 268 மூன்றும் சேர்ந்தால் பிக்கப்புகளின் மேல் விழும் சுமை சுமார் 82 கிலோ ஓம்தான். இரண்டு வால்யூமும் ஒன்றுபோல நடக்கட்டும் என்று நெருக்கமான 241-ஐயும் 229-ஐயும் அங்கே போட்டேன். 268 டோனுக்குப் போனது. 214 டப்பாவுக்கு.

அளப்பதாக இருந்தால் சால்டர் வைப்பதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். வயர் இணைந்திருக்கும்போது மீட்டர் வைத்தால் பிக்கப்பின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்துகொண்டு ஏழு, எட்டு கிலோ ஓம் என்று காட்டும். நல்ல பாட் ஒன்றைச் செத்துவிட்டது என்று நினைத்து நான் ஒருமுறை கழற்றியிருக்கிறேன்.

டேப்பரையும், அதாவது திருப்பத் திருப்ப மதிப்பு மாறும் விதத்தையும், பார்த்து வாங்க வேண்டும். இப்போது வரும் பெரும்பாலான பாட்களில் ‘ஏ’ என்றால் ஆடியோ, ‘பி’ என்றால் லீனியர். நம் காது சத்தத்தை நேர்கோட்டில் கேட்பதில்லை. வால்யூமுக்கு லீனியர் போட்டால் 10-லிருந்து 4 வரை பெரிய மாற்றம் தெரியாது, அதற்குக் கீழே சட்டென்று விழும். பாட்டின் நடுவே வால்யூமை மெல்லக் குறைத்து வாசிப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. (நான் சொல்வது நாம் பாடும் பாட்டு.)

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிடிஎஸ் கம்பெனி பாட் போன்ற அமெரிக்க வகைக்கு 3/8 அங்குலத் துளை வேண்டும், அதாவது 9.5 மி.மீ. சின்ன மெட்ரிக் பாட்களுக்கு 7 அல்லது 8 மி.மீ. போதும். தண்டு பிளந்ததா உருண்டையா என்பதையும் உங்கள் நாப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கிட்டாராக இருந்தால் கழற்றிய பாட்களைத் தூக்கிப் போடாதீர்கள். முதுகில் 1376633 என்று இருந்தால் 137 சிடிஎஸ், அடுத்து 66-ஆம் வருடம், 33-ஆம் வாரம். கிட்டாரின் வயதைச் சொல்லும் சாட்சி அது.

கிரவுண்ட் வயரை முதுகில் பற்றவைக்கும்போது தயங்காதீர்கள். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, நல்ல சூடான அயர்னை வைத்து, சில விநாடிகளில் முடித்துவிட வேண்டும். சூடு போதாத அயர்னை அரை நிமிடம் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சூடு உள்ளே இறங்கித் தடத்தைக் கெடுத்துவிடும்.

பேஸ் முடிந்ததும் தம்பி தன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணா, இது எப்பவுமே போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு.” இரண்டு ஹம்பக்கர். திறந்து பார்த்தால் முன்பு வைத்திருந்தவர் யாரோ 250 போட்டிருக்கிறார். வயரை எடுத்துவிட்டு அளந்தேன். வால்யூம் 203. அளந்து வாங்கிய 520 ஒன்றை அங்கே போட்டதும் அவன் ஒரு கார்டு அடித்தான், டோன் நாப்பைக் குனிந்து பார்த்தான், அது 10-ல்தான் இருக்கிறதா என்று தொட்டும் பார்த்தான்.

ராத்திரி என் பழைய பிரிட்ஜ் பாட்டின் மடக்குகளை நெம்பித் திறந்தேன். கறுப்புத் தடத்தில் 7-க்கும் 8-க்கும் நடுவே மட்டும் பளபளவென்று தேய்ந்த ஒரு கீற்று. பதினொரு வருடமாக என் சுண்டுவிரல் போய்வந்த இடம்.