கோர்சிகாவில் தார் ரோட்டு ராலி: நாட்குறிப்பு

28 மார்ச் 2019, வியாழன்

பிரான்சின் தீவான கோர்சிகாவின் பஸ்தியாவில் கப்பலை விட்டு இறங்கியதும் நேரே கோர்த்தே பக்கம் போனோம். உலக ராலி கார்ப் போட்டியின் ஒரு சுற்றான டூர் டி கோர்ஸ் நாளைதான். மச்சானுக்கு வழியெல்லாம் ஒரே கதை: "தார் ரோட்டிலை ஓடுறது பெரிய காரியமோ? பின்லாந்திலை மண் ரோட்டிலை பறக்கிறான் பார், அவனெல்லோ வீரன்!" வாதாடவில்லை. பின்லாந்து ராலி ஓட்டுநர் ஹென்ரி தொய்வோனனின் நினைவுக்கல் இருக்கும் வளைவில் காரை நிறுத்தினேன்.

1986 மே 2. தொய்வோனனுக்கு 29 வயது. லான்சியா டெல்டா எஸ்4, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, 450க்கு மேல் குதிரைத்திறன். இந்த இடப்பக்க வளைவில் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியது. பக்கத்து இருக்கையில், வளைவுகளைக் குறிப்பிலிருந்து வாசித்துச் சொல்லும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோ. இருவரும் போனார்கள். அதற்குச் சரியாக ஓராண்டு முன், 1985 மே 2 அன்று, இதே ராலியில் அத்திலியோ பெத்தேகா இறந்தார். அதுவும் லான்சியா, இரண்டு காரின் போட்டி எண்ணும் 4. 1986ஆம் ஆண்டோடு குரூப் பி என்ற அதிவேகக் கார்ப் பிரிவை உலக ராலியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

மச்சான் எட்டிப் பள்ளத்தைப் பார்த்தான். பிறகு மண் ரோட்டுப் பேச்சே இல்லை.

29 மார்ச், வெள்ளி

பவெல்லா மலைக் கணவாய். விடியுமுன்பே ரோட்டை மூடிவிடுவார்கள், அதனால் தூக்கம் போச்சு. முதல் ஸ்டேஜிலேயே (நேரம் கணக்கிடும் மூடிய ரோட்டுத் துண்டு) பிரெஞ்சு ஓட்டுநர் லோப் கல்லில் இடித்து வெற்றி வாய்ப்பை இழந்தார். இங்கே நான்கு முறை வென்ற மனிதர்!

நாங்கள் நின்ற வளைவில் ஒரு வேடிக்கை. முதலில் வந்த கார்களுக்கு ரோடு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒவ்வொருவரும் உள்விளிம்பை வெட்டிப் போகப் போக, ஓரத்து மண்ணும் சரளையும் தாருக்கு ஏறின. பின்னால் வந்தவர்களுக்கு அதே வளைவு பாதி மண் ரோடு. முன்கூட்டியே ஒரு குழு ஸ்டேஜை ஓட்டிப் பார்த்து, எங்கே மண் கிடக்கிறது என்று கோ-டிரைவருக்குச் சொல்லும். அவர் குறிப்பைத் திருத்திக்கொள்வார். ஆனால் அந்தக் குழு போன பிறகு விழும் மண்ணை யார் சொல்வது?

மாலையில் எல்ஃபின் எவன்ஸ் முன்னிலை.

30 மார்ச், சனி

கஸ்தானிச்சா ஸ்டேஜ், 47.18 கிலோமீட்டர். அதையே இரண்டு முறை. செஸ்ட்நட் மரக்காடு, அவிழ்த்துவிட்ட பன்றிகள், குண்டு துளைத்த ஊர்ப்பலகைகள். பலகையில் பிரெஞ்சுப் பெயரை மட்டும் கறுப்பு மை பூசி அழித்திருக்கிறார்கள். கோர்சிகாவின் விடுதலைக்குப் போராடிய பஸ்குவாலே பவோலி பிறந்த மண்ணில் வேறென்ன எதிர்பார்ப்பது.

"பத்தாயிரம் வளைவுகளின் ராலி" என்ற பட்டம் மிகை என்று நினைத்திருந்தேன். நேராக நூறு மீட்டர் கிடைத்தால் அதிசயம். ஏறத்தாழ அரைமணி நேரம் கோ-டிரைவர் மூச்சுவிடாமல் வாசிக்க வேண்டும். ஒரு வரி தவறினால் சுவர், இல்லையென்றால் பள்ளம். படத்தில் எப்போதும் ஓட்டுநர் முகந்தான் வருகிறது. அநியாயம். 1956இல் நடந்த முதல் ராலியை வென்றது பெல்ஜியத்துப் பெண் ஜில்பேர்த் திரியோன், ஒரு சின்ன ரெனோ தோஃபினில். அதையும் யாரும் சொல்வதில்லை.

எஸ்தோனிய ஓட்டுநர் டனாக் டயர் போய்ப் பின்தங்கினார். இரவில் தியரி நூவில் முன்னே, எவன்ஸ் ஐந்து நொடிக்கும் குறைவாகப் பின்னே. இரண்டு நாள் ஓடி ஐந்து நொடி!

31 மார்ச், ஞாயிறு

கல்வி என்ற கடற்கரை ஊர். காலை ஸ்டேஜில் எவன்ஸ் பாய்ந்துவிட்டார், கடைசி 19.34 கிலோமீட்டருக்கு முன் 11.5 நொடி முன்னிலை. "முடிஞ்சுது, வா சாப்பிடுவம்" என்றான் மச்சான். நானும் ஏறக்குறைய எழுந்துவிட்டேன்.

கைபேசியில் எவன்ஸின் நேரம் ஊர்ந்தது. டயர் காற்றுப் போய்விட்டது. நூவிலுக்கு வெற்றி, 40.3 நொடி தள்ளி ஓஜியே இரண்டாவது, எவன்ஸ் மூன்றாவது. 14 ஸ்டேஜ், ஏறத்தாழ 347 கிலோமீட்டர். நூவில் வென்றதில் குறையில்லை. மூன்று நாளும் பக்கத்திலேயே நின்றவர்தான். ஆனாலும் என் கணக்கில் இந்த ராலி எவன்ஸுடையது. மச்சான் இப்போது நூவில் கட்சி, கப்பல் ஏறும்வரை சண்டை.