கபிலை இலைச் சுருளிலிருந்து ஒரு புதிய சிற்றினம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் நின்ற கபிலை மரமொன்றின் இலைகள் நுனியிலிருந்து கூம்பாகச் சுருண்டிருந்தன. வனத்துறையின் அனுமதியோடு அவற்றில் சிலவற்றை எடுத்துவந்து வளர்த்ததில்தான் இந்த வேலை தொடங்கியது. அந்தச் சுருளுக்குள் இருந்த பூச்சியின் புழு முதலில் இலைத்தோலுக்கு அடியில் சுரங்கமிட்டு உண்கிறது; வளர்ந்தபின் வெளியேறி இலையைச் சுருட்டி அதற்குள் குடியேறுகிறது. சில வாரங்களில் எட்டு அந்துப்பூச்சிகள் வெளிவந்தன. விரித்த சிறகின் அகலம் ஒரு சென்டிமீட்டர்தான். முன்னங்கால்களை ஊன்றி மார்பை உயர்த்தி அவை அமர்ந்த விதத்தைப் பார்த்ததுமே, ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹியூப்னர் 1825இல் அமைத்த கலாப்டிலியா பேரினமாக இருக்கும் என்று ஊகித்தேன். தேயிலை இலையைச் சுருட்டும் பூச்சியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததே.

சிற்றினத்தை முடிவு செய்யத்தான் இரண்டு ஆண்டுகள் ஆயின. இந்தப் பேரினத்தில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே சிறகின் நிறம் வெகுவாக மாறுவதால், அதை மட்டும் நம்பிப் பெயர் சூட்ட முடியாது. பிறப்புறுப்பின் அமைப்பைப் பார்த்தே ஆக வேண்டும். வயிற்றுப் பகுதியைக் கழற்றி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் தசையும் கொழுப்பும் கரைந்து கடினமான பாகங்கள் மட்டும் எஞ்சும். முதல் மாதிரியை அவசரப்பட்டுச் சூடாக்கியதில் மென்சவ்வு கிழிந்துவிட்டது. எட்டில் ஒன்று போனது அன்று மிகவும் வருத்தியது. அதன்பின் எதையும் சூடாக்கவில்லை. இரவு முழுவதும் குளிர்ந்த கரைசலிலேயே ஊறவிட்டேன். மறுநாள் காலை நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய தூரிகையால் செதில்களை ஒதுக்க ஒதுக்க, ஆண் பூச்சியின் இரு கவ்விகளும் தேன்நிறத்தில் விரிந்தன. நடுக்குழாயினுள் வரிசையாகச் சிறு முட்கள் தெரிந்தன. நான் பார்த்திருந்த எந்தப் படத்திலும் அப்படியொரு வரிசை இல்லை.

ஆனாலும் நான் பார்த்திராதது என்பதாலேயே அது புதியதாகிவிடாது. இந்திய நுண் அந்துப்பூச்சிகளில் பெரும்பகுதிக்குப் பெயரிட்டவர் எட்வர்ட் மேரிக். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த அவருக்கு, கோயம்புத்தூரிலிருந்தும் பீகாரின் பூசாவிலிருந்தும் பூச்சியியலாளர் பெயின்பிரிக் ஃபிளெச்சர் மாதிரிகளை அனுப்பிவந்தார். மேரிக்கின் விவரணைகள் சில வரிகளே, படம் கிடையாது, கை உருப்பெருக்கியால் பார்த்து எழுதியவர் என்பதால் பிறப்புறுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இராது. இத்தனை ஆயிரம் உயிர்களை ஒருவரே கூர்ந்து நோக்கியது எனக்கு இன்றும் வியப்பே. ஆயினும் அந்த வரிகளை வைத்து என் பூச்சியை ஒப்பிட வழியில்லை. எனவே லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள மூலமாதிரிகளின் (ஒரு சிற்றினத்தின் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட மாதிரிகளின்) படங்களைக் கேட்டுப் பெற்று, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விவரிக்கப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். என் கணிப்பில் முழு வேலையின் உயிர்நாடி இந்த விலக்கல்தான். சிற்றினங்களை அடையாளம் காண உதவும் சிறு மரபணுத் துண்டான, 658 கார இணைகள் கொண்ட டிஎன்ஏ பார்கோடும் தனித்தே நின்றது. ஆனால் ஒப்பிடுவதற்குப் பல பழைய சிற்றினங்களின் தொடர்வரிசையே இல்லாததால், அதைத் துணைச் சான்றாக மட்டுமே வைத்தேன்.

விவரணை எழுதுவது அதன்பின் விரைவாகவே முடிந்தது. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளின்படி, 1999க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய சிற்றினத்துக்கும் மூலமாதிரியை வெளிப்படையாகக் குறித்து, அது எங்கே வைக்கப்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்னிதழில் வெளியிடுவதானால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் கட்டாயம். பேரினப் பெயர் பெண்பாலாதலால், நான் தேர்ந்த லத்தீன் உரிச்சொல்லின் ஆண்பால் விகுதியை மாற்றும்படி மதிப்பாய்வாளர் திருத்தினார். என் பிழைதான், நன்றியோடு ஏற்றேன்.

பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி புதிய சிற்றினத்தின் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். சென்ற மாதம் மூலமாதிரியின் ஊசியில், மரத்தின் பெயரும் நாளும் எழுதிய சீட்டுக்குக் கீழே, மூலமாதிரி என்று காட்டும் சிவப்புச் சீட்டொன்றைக் கோத்து, இந்திய விலங்கியல் ஆய்வு மையத்துக்கு அனுப்பினேன். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. விவரணை இல்லாமல் வெளியே வரும் பெயர் செல்லுபடியாகாத வெற்றுப் பெயராகிவிடும் என்பதால், அச்சேறும்வரை அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.