ஆன்-கால் வாரத்தில் ஒரு கேம்

கேம் ஆட நேரமே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆட்களில் நானும் ஒருவன், ஆனால் நிதானமாக யோசித்தால் அது முழுக்க உண்மையில்லை. மதியம் சாப்பிட்டு முடித்ததற்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவே இருபது நிமிடம் சும்மா கிடக்கிறது. பையன் தூங்கிய பிறகு முக்கால் மணி நேரம் தேறும். சனிக்கிழமை காலை வீடு எழுந்திருக்கும் முன் இன்னும் கொஞ்சம். எல்லாவற்றையும் கூட்டினால் வாரத்துக்கு ஒரு கௌரவமான தொகை வரத்தான் செய்கிறது. என்ன, எல்லாமே சில்லறையாக வருகிறது. ஹாஸ்டலில் வெள்ளி ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பால்காரர் வரும்போது எழுந்திருப்போமே, அந்த மாதிரி முழு நோட்டு இனிமேல் கிடைக்காது. சில்லறைக்கு எது வரும் என்று பார்த்து வாங்க வேண்டியதுதான்.

என் வேலை ப்ரொடக்ஷன் சப்போர்ட், அதாவது கிளையன்ட்டின் சாஃப்ட்வேர் ஓட்டத்தில் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. சென்னை ஓஎம்ஆரில் அலுவலகம், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கிளையன்ட். அவர்களுக்குக் காலை ஒன்பதரை என்றால் நமக்குக் கோடையில் ராத்திரி ஏழு, குளிர்காலத்தில் எட்டு. மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பது அவர்கள். நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, ஆனால் ராத்திரிச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போவது நமக்கு. நவம்பரிலிருந்து மார்ச் வரை நான் விளையாடுவது பாதியாகக் குறைந்துவிடுவதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை. இது போக, சுழற்சியில் ஆன்-கால் வாரம் வரும். அந்த வாரம் முழுக்க போன் தலைமாட்டில், லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில். ஏதோ கோளாறு என்று அலர்ட் வந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் பிரிட்ஜ் காலில், அதாவது எல்லா டீமும் சேர்ந்து பேசுகிற லைனில், இருக்க வேண்டும், கடற்கரையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாலும் சரி.

இப்படி ஒரு வேலையை வைத்துக்கொண்டு கேம் வாங்கப் போகிறவன் கிராபிக்ஸைப் பார்க்க மாட்டான், விமர்சகர்கள் போட்ட மார்க்கையும் பார்க்க மாட்டான். நடுவில் அப்படியே போட்டுவிட்டு எழுந்தால் என்ன ஆகும்? நான் கேட்பது அந்த ஒன்றைத்தான். இணையத்தில் ஐந்துக்கு ஐந்து பேர் மோதுகிற டோட்டா 2 போன்ற ஆட்டத்தில் நீங்கள் எழுந்து போனால் உங்கள் பக்கம் ஆடுகிற நாலு பேர் தவிப்பார்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் திரும்பவில்லை என்றால் ஓடிப்போனவன் என்று குறித்துக்கொண்டு, அடிக்கடி ஓடினால் உங்களை மாதிரி ஓடிப்போன கேசுகளோடு மட்டும் சில ஆட்டங்களுக்குக் கோத்துவிடுவார்கள். அந்த நாலு பேர் பக்கமிருந்து பார்த்தால் நியாயம்தான். எல்டன் ரிங் தனியாக ஆடக்கூடிய கேம், அதிலும் ஆட்டத்தை நிறுத்திவைக்கிற பாஸ் பட்டன் என்று ஒன்று கிடையாது. சாமான் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரி வந்து சாத்துவான். 2022 பிப்ரவரியில் அது வந்தபோது காபி மிஷின் பக்கம் போனால் அந்தப் பேச்சுதான். நான் இன்றுவரை வாங்கவில்லை. நல்ல கேம் என்பதில் சந்தேகமே இல்லை, எனக்குத்தான் ஆகாது. இத்தனைக்கும் அதே கம்பெனி 2019இல் விட்ட செகிரோவில் பாஸ் உண்டு, அதுவும் ஆளைக் கொல்கிற கேம்தான். கஷ்டமாக இருப்பதற்கும் நிறுத்த முடியாமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது.

எதிர்க்கோடியில் இன்டு தி பிரீச் என்று ஒன்று இருக்கிறது. 2018இல் வந்த சின்ன கேம். எட்டுக்கு எட்டு கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள், மண்ணுக்குள்ளிருந்து ராட்சதப் பூச்சிகள் வரும். எந்தப் பூச்சி அடுத்து எங்கே அடிக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடும், நீங்கள் காய் நகர்த்தி முடிக்கும்வரை திரையில் எதுவும் அசையாது. இதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு பிரிட்ஜ் காலில். சப்போர்ட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி ஒன்றரை மணி பிரிட்ஜ் காலில் பெரும்பாலான நேரம் யாரும் எதுவும் பேசுவதில்லை, முப்பது பேர் மியூட்டில் கிடப்பார்கள். நம் பக்கத்து லாக் எல்லாம் பார்த்து, நம்மிடம் ஒன்றும் இல்லை, டேட்டாபேஸ் பக்கம்தான் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லியாயிற்று. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற டிபிஏ டீம் யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் லைனை விட்டு இறங்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இன்சிடென்ட் மேனேஜர் வந்து "எனி அப்டேட்ஸ்?" என்பார், யாரோ ஒருவர் "ஸ்டில் செக்கிங்" என்பார், மறுபடி சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் கண்ணயர்ந்தால் வம்பு. மொபைலில் வீடியோ பார்த்தால் காது வீடியோவுக்குப் போய்விடும். இந்தக் கேமில் மட்டும் அடுத்த நகர்வை யோசித்துக்கொண்டே காதைக் காலில் வைத்திருக்க முடிந்தது. பெயரைக் கூப்பிட்டதும் அன்மியூட் போட்டுப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் பூச்சி விட்ட கட்டத்திலேயே நிற்கிறது. மேனேஜர் யாராவது இதைப் படித்து முகம் சுளித்தால், சரி, சுளித்துக்கொள்ளட்டும். விடியும்வரை தூங்காமல் லைனில் இருந்தவன் நான்.

அடுத்த சிக்கல் இடம். வீட்டில் கன்சோல் இருக்கிறது, ஹால் டிவியோடு மாட்டியிருக்கிறது, ஆனால் ஹால் டிவி சாயங்காலம் ஆறரையிலிருந்து அம்மாவுடையது. ஒரு சீரியல் முடிந்து இன்னொன்று. பத்து மணிக்கு டிவி காலியானால் ஹாலில் அப்பா பாயை விரித்துவிடுவார். இதையும் மீறி, எல்லோரும் கல்யாணத்துக்குப் போய் வீடு காலியாக இருக்கிற ஒரு சனிக்கிழமை ஆசை ஆசையாகக் கன்ட்ரோலரை எடுத்தால் கன்சோல் அப்டேட் கேட்கும். அது முடிந்ததும் கேம் அப்டேட் கேட்கும், முப்பது நாற்பது ஜிபி. நீலக்கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே காபி போட்டுக் குடித்து, துணி மடித்து வைத்து, ஒருவழியாக எண்பது சதவீதம் தொடும்போது வாசலில் ஆட்டோ சத்தம். "டேய், கதவைத் திறடா, கை நிறைய தாம்பூலப் பை இருக்கு" என்று அம்மா குரல் கேட்கும்.

பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த சித்தி பையனிடம் சொல்லி ஸ்டீம் டெக் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். 2022இல் வந்த கையடக்கக் கருவி, கணினி கேம்கள் அதில் ஓடும். மேலே ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் கேம் எந்த நொடியில் இருக்கிறதோ அந்த நொடியிலேயே உறைந்துவிடும், மறுநாள் அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பிரேம் ரேட், ரெசல்யூஷன் என்று மணிக்கணக்கில் பேசுகிற நண்பர்கள் இதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்த காசு மொத்தமும் அந்தப் பட்டனுக்குத்தான் என்பேன் நான். பெரும்பாக்கம் ரோட்டில் கேப் நின்றுவிட்டால் எடுப்பேன், அலுவலக வாசல் வந்தால் பட்டனை அமுக்கிப் பைக்குள் போட்டுவிடுவேன்.

மொபைலிலேயே ஆடலாமே, அதுதான் எப்போதும் கையில் இருக்கிறதே என்பார்கள். ஆடியிருக்கிறேன். லாக்டவுன் சமயத்தில் எங்கள் டீமே ராத்திரி பப்ஜியில்தான் இருந்தது. 2020 செப்டம்பரில் தடை வந்து, அடுத்த ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தபோது நானும் திரும்பினேன், ஆனால் ஒட்டவில்லை. தினமும் லாகின் செய்தால் பரிசு, இன்றைய மிஷன், இந்த வார மிஷன், சீசன் முடிவதற்குள் ராயல் பாஸ் என்கிற பரிசு ஏணியில் இத்தனை படி ஏற வேண்டும் என்று அது ஒரு தனி உத்தியோகம். பகலெல்லாம் எஸ்எல்ஏ, அதாவது கிளையன்ட்டிடம் ஒத்துக்கொண்ட கெடு, தவறிவிடக்கூடாது என்று புகார் டிக்கெட்டுகளை மூடிவிட்டு வருகிறவனுக்குப் படுக்கையில் இன்னொரு எஸ்எல்ஏ, சிவப்புப் புள்ளியாகக் கண் சிமிட்டுகிறது. எனக்குச் சம்பளம் தருகிற இடத்தில் அட்டெண்டன்ஸ் கொடுக்கிறேன், கேமுக்கெல்லாம் கொடுக்க முடியாது. நான் வராத நாளுக்கு என்னிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொள்கிற எந்த கேமும் இப்போது போனில் இல்லை.

பெரிய கதைக் கேம்களை விட்டுவிட்டேன் என்று இல்லை. கௌபாய் கேமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கதையை மட்டும் ஆடி முடிக்கவே ஐம்பது மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும். சில்லறை நேரத்தில் ஆடினால் மாதக்கணக்கு, அதில் நடுவில் அலுவலகத்தில் ஒரு ரிலீஸ், ஒரு ஆன்-கால் வாரம், பையனுக்குக் காய்ச்சல். மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் எந்தப் பட்டன் எதற்கு என்பதே மறந்திருக்கும். அந்த கேமில் வழியில் போகிறவனுக்கு வணக்கம் சொல்வதும் துப்பாக்கியைக் குறிவைப்பதும் ஒரே பட்டன், கையில் ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். நலம் விசாரிக்கப் போய் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டி, ஊரே துரத்த ஆரம்பித்துவிடும்.

இதற்கு மருந்து அலுவலகத்தில் இருந்தது. ஷிப்ட் முடிந்து போகும்போது ஹேண்ட்ஓவர் நோட் எழுதுவோம் இல்லையா, எது ஓடிக்கொண்டிருக்கிறது, எதைத் தொடக்கூடாது, அடுத்து வருகிறவன் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று, அதே மாதிரி கேமை மூடும்போது போனில் இரண்டு வரி. "வாலண்டைன் ஊரில் நிற்கிறேன். அடுத்தது வடக்கே மஞ்சள் குறி. பேசும் முன் துப்பாக்கியை உள்ளே வை. குதிரைக்குத் தீனி வாங்கவில்லை." அடுத்து வரப்போகிறவனும் நான்தான், ஆனால் அவனுக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். முன்பெல்லாம் திரும்பி வந்த முதல் அரை மணி நேரம் எங்கே விட்டேன் என்று தேடுவதிலேயே போகும், இருப்பதே முக்கால் மணி நேரம்.

அப்புறம் ஈஸி மோட். டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கேப்பில் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு "அண்ணா, ஈஸியிலயா ஆடுறீங்க?" என்றான், ஏதோ பரீட்சையில் பிட் அடித்ததைப் பிடித்த மாதிரி. ஆமாம்ப்பா, ஈஸிதான். ஒரே எதிரியிடம் இருபது தடவை செத்து இருபத்தொன்றாவது தடவை ஜெயிக்கும்போது வருகிற சந்தோஷம் எனக்குத் தெரியாததில்லை, அந்த இருபது தடவைக்கு இப்போது என்னிடம் நேரம் இல்லை. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பேச்சிலர் ரூமில் இருக்கிறான், ஆடட்டும் ஹார்டில்.

ஸ்டார்ட்யூ வேலியைப் பற்றி எச்சரித்தாக வேண்டும். விவசாயம் பார்க்கிற கேம், 2016இல் வந்தது, சாதுவாகத் தெரியும். அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் பதினான்கு நிமிடம் சொச்சம், அந்த நாள் முடிந்து படுத்தால்தான் சேவ் ஆகும். காகிதத்தில் பார்த்தால் சில்லறை நேரத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. நடப்பது வேறு, நாளைக்கு முள்ளங்கி விளைந்துவிடும், அதைப் பறித்துவிட்டுப் படுக்கலாம் என்று ஒரு நாள், பறித்த காசுக்கு விதை வாங்க இன்னொரு நாள், நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்று. பகலில் தனக்கென்று ஒன்றுமே கிடைக்காதவன் ராத்திரியில் தூக்கத்திலிருந்து திருடுவான், இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது, காலை ஒன்பது மணி ஸ்டாண்டப் மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைப்பவர்களைப் பார்த்தாலே தெரியும். ஆன்-கால் வாரத்தில் இந்த கேமை நான் திறப்பதே இல்லை. ஒரு மணிக்குப் படுத்து ஒன்றரைக்கு அலர்ட் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனை ஏற்பாட்டிலும் அடிபட்டுப் போனது கூட்டாக ஆடுவதுதான். முதல் வேலையில் ட்ரெயினிங் லேபில் ஆறு மணிக்கு மேல், கோட்டை கட்டிப் போரிடுகிற ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2 ஆடுவோம். பக்கத்து சீட்டில் இருப்பவனுடைய கோட்டையை இடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் திட்டுவது காதில் விழும், அதுதான் பாதி சுகம். 1999இல் வந்த கேமுக்கு இன்னும் புதிது புதிதாக விடுகிறார்கள், 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழனை வைத்தே ஒரு கதைத்தொடர் உண்டு. தனியாக ஆடும்போது எஃப்3 அமுக்கினால் சோழப் படை மொத்தமும் அப்படியே நிற்கும், என் வாழ்க்கைக்கு ரொம்ப வசதி. ஆனால் அந்தப் பழைய கூட்டத்தில் ஒருவன் டொரோண்டோ, ஒருவன் துபாய், ஒருவன் ஹைதராபாத். ஒரு ஆட்டத்துக்கு மூன்று நாட்டு நேரம் பார்த்து, மூன்று வீட்டில் அனுமதி வாங்கி, காலண்டர் இன்வைட் வரை அனுப்பினோம். குறித்த ராத்திரியில் யாராவது ஒருவன் "மச்சி, சாரிடா, ப்ராட் இஷ்யூ", அதாவது வேலையில் ஏதோ படுத்துவிட்டது, என்று போடுவான், பாதி நேரம் அது நான். இதற்கு எந்தப் பட்டனும் உதவாது.

இப்போது டீமில் ஓடுகிற பேச்சு ஜிடிஏ 6 கேம் எப்போது வரும் என்பதுதான். 2025 என்றார்கள், அப்புறம் 2026 மே, இப்போதைக்கு 2026 நவம்பர் 19 என்று நிற்கிறது. மறுபடி தள்ளிப்போகாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, சாஃப்ட்வேர் ரிலீஸ் தேதியை நம்பக்கூடாது என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆன்-கால் ரோட்டா பட்டியலை அந்த மாதம்வரை நீட்டிப் பார்த்ததில் அந்த வாரம் சரியாக என் பெயர். ஈஸி மோடைக் கிண்டல் செய்த பையனிடமே போய்க் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசிப்பது போல நடித்துவிட்டு, "மாத்திக்கலாம்ணா, ஆனா பொங்கல் வாரம் நீங்க எடுத்துக்கணும், நான் ஊருக்குப் போகணும்" என்றான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.