கேடிஇ-ல கமிட் ஆக்சஸ் வாங்கின அனுபவம், பாலி படிக்கிறவங்களுக்காக

ஓப்பன் சோர்ஸ் (யாரு வேணாலும் கோடைப் பாத்து மாத்தக்கூடிய சாஃப்ட்வேர்) பக்கம் எட்டிப் பாக்குற நம்ம சிங்கப்பூர் பாலிடெக்னிக் பசங்க எல்லாரும் கேக்குறது, ஸ்டூடண்டுக்கெல்லாம் கமிட் ஆக்சஸ், அதாவது ப்ராஜெக்ட் கோட்ல நேரடியா மாத்தம் சேக்குற உரிமை, தருவாங்களான்னுதான். தருவாங்க, லினக்ஸ் டெஸ்க்டாப், ஆப்ஸ் எல்லாம் செய்யுற கேடிஇ ப்ராஜெக்ட்ல எனக்கு கிடைச்சுது.

அதுக்கு முன்னாடி வேற ஒரு ப்ராஜெக்ட்ல இருந்தேன், பேரு வேணாம். ரிவ்யூல ஓகே ஆன பேட்ச்சைக்கூட (நாம அனுப்புற கோட் மாத்தம்) மெர்ஜ் பண்ண, அதாவது மெயின் கோடோட சேக்க, ஒரே ஒரு ஆளுதான், அவரு பிஸி, அவரு வர்றதுக்குள்ள மெயின் பிராஞ்ச் எங்கயோ மாறிப் போயிருக்கும், என் மாத்தத்தை அதுக்கு ஏத்த மாதிரி திரும்ப ரீபேஸ், திரும்ப காத்திருப்பு, கடைசில ஆர்வமே விட்டுப்போச்சு.

கேடிஇ-ல டெவலப்பர் அக்கவுண்ட் கிடைச்சா சிஸ்அட்மின் (சர்வரைப் பாத்துக்குற டீம்), வெப்சைட் மாதிரி சிலது தவிர கிட்டத்தட்ட எல்லா ரெப்போவுக்கும் (கோட் வச்சிருக்குற இடம்) புஷ் பண்ணலாம், அதாவது மாத்தத்தை நேரா அனுப்பலாம். இவ்ளோ பெரிய சாவிய சின்னப் பசங்க கையில குடுக்கலாமான்னு தோணும். ஆனா 1996-ல கேடிஇ-ய ஆரம்பிச்ச மத்தியாஸ் எட்ரிச்சே அப்போ ஜெர்மனில டூபிங்கன் யுனிவர்சிட்டில படிச்சுட்டு இருந்தவருதான்.

நான் எடுத்துக்கிட்டது தமிழ் இன்டர்ஃபேஸ் வேலை. லேபிள் உயரம் ஃபான்ட்டோட அளவைப் பாத்து தானா மாறணும், அப்பதான் 'கி'யோட மேல்வளைவும் 'கூ'வோட கீழ்ச்சுழியும் முழுசா நிக்கும். தமிழ் தெரியாத ரிவ்யூவருக்கு இது புரியணும்னு ரெண்டு எழுத்தையும் பெருசாக்கி ஸ்க்ரீன்ஷாட் போட்டேன், அது நல்லா வேலை செஞ்சுது. அவர் ஜெர்மனில, நமக்கு நைட்டு பதினொண்ணுன்னா ஜூன் மாசத்துல அங்க சாயங்காலம் அஞ்சு, அதனால க்ளாஸ், ப்ராஜெக்ட் எல்லாம் முடிச்சுட்டு உக்காந்தா உடனே பதில் வரும். சில பேட்ச் உள்ள போனதும் அவரே அக்கவுண்ட்டுக்கு அப்ளை பண்ணு, என் பேரைப் போட்டுக்கோன்னாரு.

ஃபார்ம் சின்னதுதான். அக்கவுண்ட் எதுக்கு, உங்களை அப்ளை பண்ணச் சொன்னது யாரு, இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க. கடைசி கேள்விக்கு கதை எழுதாதீங்க, மெர்ஜ் ஆன பேட்ச் லிங்க்கைப் போடுங்க, அது போதும். நீங்க யாரு பேரைச் சொன்னீங்களோ அவர்கிட்டயும் கேப்பாங்க, அப்புறம் சிஸ்அட்மின் திறந்து விடுவாங்க. முக்கியமா பேரு. புஷ் பண்ணும்போது கமிட்ல முழுப் பேரு இருக்கான்னு சர்வர் செக் பண்ணும், ஒத்தைப் பேரு ஒத்துக்காது. நம்மள்ல பாதிப் பேருக்கு ஐசில (அடையாள அட்டை) ஒரு பேரு, த/பெ, அப்பா பேருன்னுதான இருக்கும், நான் கிட் (கோட் மாத்தங்களைப் பதிவு பண்ற டூல்) கான்ஃபிக்ல என் பேரு, அப்பா பேரு ரெண்டையும் முதல்லயே போட்டுட்டேன்.

2024-ல எக்ஸ்இஸட்-ங்கிற ஃபைல் சுருக்குற டூல்ல ஒருத்தர் பின்வாசல் (ரகசியமா உள்ள நுழையுற வழி) வச்ச விவகாரம் வெளிய வந்ததுக்கப்புறம் புதுசா வர்றவங்களை நம்பவே கூடாதுன்னு சில பேர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அங்க பின்வாசல் வச்ச ஆளு வந்த உடனே வைக்கல, ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லவரா வேலை செஞ்சு, களைச்சுப்போன ஒரே ஒரு மெயின்டெய்னர் (ப்ராஜெக்ட்டைப் பாத்துக்குறவர்) பக்கத்துல இடம் பிடிச்சாரு. நிறைய கண்ணு பாக்குற இடத்துல ஸ்டூடண்ட் கையில சாவி இருக்குறது அதைவிட பாதுகாப்புதான். எனக்கு ஆக்சஸ் வந்தப்புறமும் என் கோட் ரிவ்யூவுக்குத்தான் போகுது, ஓகே ஆனதும் நானே மெர்ஜ் பண்றேன், உடைஞ்சா சரி பண்றதும் நான்தான்.

என்எஸ் (தேசிய சேவை) போகப்போற தம்பிங்களுக்கு மட்டும் ஒண்ணு. ரெண்டு வருஷம் கேம்ப்ல இருப்பீங்க, அதை ரிவ்யூவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, பாதில நிக்கிற பிராஞ்சை யாராச்சும் எடுத்துக்க முடியுற மாதிரி நோட்ஸ் எழுதி வச்சுட்டுப் போங்க.