கிருபை, விசுவாசம், கிரியை: இறையியல் தேர்வுக்கு நாங்கள் படித்த விதம்

வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் இறையியல் படிக்கிறவர்கள் சென்னையில் நிறையப் பேர். நானும் அப்படிப் படித்தவன்தான். கிறிஸ்தவக் கோட்பாட்டுத் தாளில் ‘கிருபையினால் விசுவாசத்தின் மூலம் இரட்சிப்பு’ என்ற பாடத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. கிருபை என்றால் நம் தகுதியைப் பார்க்காமல் கடவுள் இலவசமாகத் தரும் தயவு. எபேசியர் 2:8 ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் ஆன வசனம். அந்தத் தைரியத்தில் பேனாவை எடுத்தால் பாதிப் பேர் பிரசங்கம் எழுதிவிடுகிறார்கள். வசனம், சாட்சி, மறுபடி வசனம். தாள் திருத்துகிறவர் அதைப் படித்து மனம் திரும்பப் போவதில்லை. இந்தப் போதனை எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது, யார் யாரோடு வாதாடினார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

நாங்கள் சனிக்கிழமை மாலைகளில் பெரம்பூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் சேர்ந்து படித்தோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று கலவையான கூட்டம். கத்தோலிக்கர் ஒருவரும் உண்டு. முடிந்தால் இப்படிக் கலந்து படியுங்கள். ஒரே சபைக்காரர்கள் கூடினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் மண்டையில் ஏறாது.

எங்களை அதிக நேரம் பிடித்துவைத்த கேள்வி பெந்தெகொஸ்தே தம்பி கேட்டது: “அண்ணே, விசுவாசிக்கிறது நான்தானே? அப்ப அதுவும் என்னோட கிரியைதானே?” கிரியை என்றால் நாம் செய்கிற செயல். சபையில் இதைக் கேட்டால் ஜெபம் பண்ணச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். மனிதன் தன் சுயசித்தத்தாலேயே நன்மையைத் தேர்ந்துகொள்ள முடியும் என்ற பெலாஜியு என்ற துறவியின் போதனையை வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அதைக் கண்டித்தது. ‘சரி, கிருபை வேண்டும்தான், ஆனால் முதல் அடியை நாமே வைக்கலாமே’ என்று அப்புறம் சிலர் நடுவழி தேடினார்கள். 529-இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் அதையும் ஏற்கவில்லை. விசுவாசத்தின் தொடக்கமே கிருபையால் வருவது என்று தீர்த்துவிட்டது. ஆகவே விடையில் இப்படிப் பிரித்து எழுதுங்கள்: இரட்சிப்பின் ஊற்று கிருபை, ஆதாரம் கிறிஸ்துவின் மரணமும் உயிர்த்தெழுதலும், விசுவாசம் அதைப் பெற்றுக்கொள்ளும் கை. இதைத் தெளிவாக எழுதினாலே கேள்வியில் பாதி முடிந்த மாதிரி.

திருவல்லிக்கேணிக்காரரான எங்கள் லுத்தரன் நண்பர் இதற்கு வைணவத்திலிருந்து ஒரு விளக்கம் சொன்னார். தென்கலையார் பூனை நியாயம் சொல்வார்கள்: குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் கவ்விக்கொண்டு போகும். வடகலையாருடையது குரங்கு நியாயம்: குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். “லுத்தர் பூனைக் கட்சி” என்று, தம் சபையின் மூலவரான பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதியைச் சொல்லிச் சிரித்தார். ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் இதைத் தாராளமாக எழுதலாம். குரங்குக் குட்டியையும் சுமந்து போவது தாய்தான் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் வடகலையாருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

அடுத்தது, புதிய ஏற்பாட்டில் நிருபங்கள் எழுதிய பவுலும் யாக்கோபும். அடிக்கடி வரும் கேள்வி. மனிதன் நீதிமானாக்கப்படுவது, அதாவது கடவுள் முன் நீதியுள்ளவனாவது, கிரியைகளில்லாமல் விசுவாசத்தினால் என்று பவுலின் ரோமர் 3:28 சொல்கிறது. யாக்கோபு 2:24 விசுவாசத்தினாலேமாத்திரமல்ல என்கிறது. இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இங்கே ஆதியாகமத்தில் மூன்று அதிகாரங்களை வரிசையாக நினைவில் வையுங்கள். 15-இல் ஆபிரகாம் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. 17-இல் விருத்தசேதனம். 22-இல் ஈசாக்கைப் பலியிட மலையேறுகிறான். 15-ஆம் அதிகாரம் 17-ஆம் அதிகாரத்துக்கு முன்னால் வருகிறதே என்பதுதான் ரோமர் 4-இல் பவுலின் வாதம்: விருத்தசேதனம் இல்லாத, யூதரல்லாத புறஜாதியாருக்கும் இதனால் கதவு திறக்கிறது. யாக்கோபு 22-ஐக் காட்டி, 15-இல் சொன்னது இங்கே நிறைவேறியது என்கிறார். அவர் தாக்குவது வாயளவு விசுவாசத்தை. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று 2:19-இல் அவரே சொல்கிறார். லுத்தர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றாரே என்பதை மட்டும் எழுதிவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. அது 1522 முன்னுரையில் உள்ளதுதான், ஆனால் கேள்விக்கு அது பதிலாகாது. எபேசியரை எழுதும்போதும், கிரியைகளினால் அல்ல என்கிற 2:9-இல் நிறுத்தாமல், நற்கிரியைகளுக்காகவே படைக்கப்பட்டோம் என்கிற 10-ஐயும் சேருங்கள். நற்கிரியை அங்கே வேராக இல்லை, கனியாக வருகிறது.

லுத்தரின் சீர்திருத்தத்துக்குப் பதிலாகக் கத்தோலிக்கர் கூட்டிய திரெந்து சங்கத்தைப் பற்றி நம் புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது: ‘கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்றார்கள்.’ எங்கள் கத்தோலிக்க நண்பர் இதைக் கேட்டுக் கொதித்தே போனார். அவர் கோபம் நியாயம். 1547 ஜனவரி 13-இல் அந்தச் சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றி வெளியிட்ட ஆணையின் முதல் விதியே, கிருபையில்லாமல் சொந்தக் கிரியையால் நீதிமானாகலாம் என்பவனைச் சபிக்கிறது. ‘விசுவாசம் மட்டும்’ என்பதை மறுப்பது ஒன்பதாவது விதி. சண்டை கிருபை வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. அந்தக் கிருபையோடு மனிதனின் சித்தம் ஒத்துழைக்கிறதா, நீதிமானாக்கப்படுவது கடவுளின் அறிவிப்பு மட்டுமா, உள்ளான மாற்றத்தையும் சேர்த்ததா என்பதில்தான். இரண்டு விதிகளையும் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள்.

1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கைக்கு ஒரு பத்தி போதும். மெதடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்த சபைகள் 2017-இலும் அதில் சேர்ந்தார்கள். சி.எஸ்.ஐ.காரர்கள் தங்கள் சபையையே உதாரணமாக்கலாம். 1947-இல் சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் ஒன்றான சபைகளில் மெதடிஸ்ட் மரபைத் தொடங்கிய வெஸ்லியின் பிள்ளைகளும் இருந்தார்கள், சீர்திருத்த சபைகளின் கால்வின் மரபில் வந்தவர்களும் இருந்தார்கள்.

புத்தகத்துக்குப் பார்க் டவுன் சி.எல்.எஸ். (கிறிஸ்தவ இலக்கியச் சங்கம்), உட்கார்ந்து படிக்க எழும்பூர் கன்னிமாரா நூலகம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கன்னிமாராதான் நல்லது. தேர்வறையில் முதல் பத்தியில் கேள்விக்கு நேரடிப் பதில், இரண்டாவதில் வேதப் பகுதி, அப்புறம் வரலாறு. சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்று கை துடித்தால், நேரம் மிச்சமிருந்தால் கடைசியில் இரண்டு வரி.