மேசை தள்ளுகிறதா?

ஜூலை 21, திங்கள்

எட்டாம் வகுப்பில் ‘விசையும் அழுத்தமும்’ ஆரம்பித்தேன். மேசைமேல் ஒரு நோட்டை வைத்து, இதன்மேல் என்னென்ன விசை இருக்கிறது என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல டீச்சர், அது சும்மாதானே இருக்கு” என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் புவியீர்ப்போடு நிறுத்திக்கொண்டார்கள். மேசை நோட்டை மேலே தள்ளுகிறது என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. “மேசை தள்ளல டீச்சர், தடுக்குது” என்றான் ஒரு பையன்.

நன்றாகத்தான் யோசித்திருக்கிறான். தடுப்பதும் விசைதான் என்று சொல்லி எழுத வைத்துவிடலாம். எழுதுவார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள். எனக்கு அது போதாது.

ஜூலை 23, புதன்

இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஒரு மூங்கில் பிளாச்சைப் பாலம்போல வைத்தேன். ஒரு நோட்டு வைத்தால் லேசாக வளைந்தது. நாலு நோட்டு வைத்ததும் நன்றாகத் தொய்ந்தது. நோட்டை எடுத்துவிட்டு ஒவ்வொருவரையும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வளைந்த பிளாச்சு நிமிரப் பார்க்கிறது, விரலை மேலே தள்ளுகிறது. அப்புறம் மரப் பலகை, அப்புறம் மேசை. மேசையும் வளைகிறது, நம் கண்ணுக்குத் தெரியாத அளவு.

அப்போதுதான் மூன்றாம் பெஞ்சுப் பெண் பேசினாள். குறுவை நடவுக்கு அவள் அம்மாவோடு நாற்றுமுடி சுமந்திருக்கிறாள். “கட்டைத் தலையில வச்சிட்டு சும்மா நின்னாலும் கழுத்து வலிக்கும் டீச்சர். அப்ப கழுத்து தள்ளிக்கிட்டுதானே இருக்கு?”

இரண்டு நாளாக நான் தேடியது அவள் கழுத்தில் இருந்திருக்கிறது. சும்மாடு வைத்தால் ஏன் வலி குறைகிறது என்றும் கேட்டாள். சுமை அதேதான், அது பரவும் இடம்தான் கூடுகிறது. அழுத்தப் பாடத்தை அவளை வைத்தே தொடங்கப் போகிறேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பாதி வகுப்பு வரவில்லை. புதிதாக எதுவும் நடத்தவில்லை.

ஜூலை 30, புதன்

பதினெட்டாம் பெருக்குக்கு இழுக்கச் செய்த சப்பரத்தை ஒருவன் கொண்டுவந்தான். மரச் சக்கரம், வண்ணத்தாள் ஒட்டிய தட்டி. 3 கிலோ செங்கல்லில் கயிறு கட்டி சுருள்வில் தராசால் சிமெண்டுத் தரையில் இழுத்தோம். நகரத் தொடங்கும்போது முள் 20 நியூட்டனைத் தொட்டது, நகர்ந்தபின் 16-க்கு இறங்கி நின்றது. அதே கல்லைச் சப்பரத்தில் ஏற்றி இழுத்தால் 3-தான். அச்சில் தேங்காய் எண்ணெய் விட்டதும் இன்னும் குறைந்தது.

திருவாரூர் ஆழித்தேரைப் பற்றிக் கேட்டார்கள். 96 அடி உயரம், 300 டன் எடை. அதை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவார்கள். இப்போது ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது, ஆனாலும் புளியங்கட்டை சக்கரத்தோடு உரசும் அந்த உராய்வு இன்னும் தேவைப்படுகிறது. முட்டுக்கட்டை போடுகிறவரின் பேரன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான். மீதிக் கதையை அவனே சொன்னான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். காப்பரிசி கையில் இருக்கும்போதே சப்பரக்காரன் ஓடிவந்தான். “கயிறை விட்டா நின்னுடுது டீச்சர். அப்ப ஓடிக்கிட்டே இருக்க விசை வேணும்ல?” நிறுத்துவது உராய்வு, நீ இழுப்பது அதற்கு ஈடுகட்டத்தான் என்றேன். ஒரே வேகத்தில் போகும்போது இரண்டும் சமம். கொஞ்சம் நின்று யோசித்தான். “அப்ப மேசைல இருக்கிற நோட்டுக்கும் இதுக்கும் கணக்கு ஒண்ணா?”

ஒண்ணுதான்டா என்று சொல்லும்போது எனக்குக் குரல் கம்மியது.

ஆகஸ்ட் 4, திங்கள்

மேசையில் இருக்கும் நோட்டுக்கு அம்புக்குறி போடச் சொன்னேன். கிட்டத்தட்ட எல்லோரும் இரண்டு அம்பு போட்டிருந்தார்கள். ஆனால் ஆறு பேர் மேல் அம்பை நீளமாகப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், “தாங்கணும்னா கொஞ்சம் கூடத்தானே வேணும் டீச்சர்?”

கூட இருந்தால் நோட்டு மேலே எழும்ப வேண்டாமா? நாளைக்குப் பிளாச்சை மறுபடி எடுத்துப் போகிறேன்.