பாடாங் செராயிலிருந்து இயற்பியல் படிக்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எனக்குத் தெரிந்த பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பது இதுதான்: “தம்பி, பையன் பிசிக்ஸ்ல நல்ல மார்க் எடுத்திருக்கான். அதையே படிச்சா பிறகு என்ன வேலை கிடைக்கும்?” நின்றவாக்கில் சொல்லி முடிக்கக்கூடிய விடை இதற்கு இல்லை. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, இப்போது கூலிமில் மின்னணுச் சில்லுகள் செய்யும் ஒரு குறைகடத்தித் தொழிற்சாலையில் பழுதுகளை ஆராயும் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை நிதானமாக எழுதிவிட விரும்புகிறேன்.

அந்தக் கேள்வி நியாயமானது. ரப்பர் காடுகள் செம்பனையாக மாறி, தோட்டங்கள் கைமாறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பிள்ளை படிக்கும் ஆண்டுகள் சம்பளமாகத் திரும்பி வரவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில் தவறே இல்லை. மருத்துவம் படித்தவர் மருத்துவர் ஆகிறார், கணக்கியல் படித்தவர் கணக்காளர் ஆகிறார். இயற்பியல் படித்தவருக்கோ அப்படி ஊரறிந்த பதவிப் பெயர் ஒன்று காத்திருப்பதில்லை. வேலைகள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு பெயர்களில் இருக்கின்றன என்பதுதான் நான் பெற்றோருக்குச் சொல்ல விரும்பும் முதல் செய்தி.

இந்தக் கவலை புதிதும் அன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904 இல் இயற்பியலில் தங்கப் பதக்கம் பெற்ற சி.வி. இராமன், அறிவியலை நம்பிப் பிழைக்க வழியில்லாத காலமாக இருந்தபடியால் 1907 இல் இந்திய நிதித்துறையில் சேர்ந்து, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் பகலில் வேலை பார்த்துக்கொண்டே அலுவலுக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். முழுநேரப் பேராசிரியராகும் வாய்ப்பு அவருக்கு 1917 இல்தான் கிடைத்தது. 1928 இல் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவுக்கு 1930 இல் நோபல் பரிசு வந்தது. அந்த விளைவை அடிப்படையாகக் கொண்ட இராமன் நிறமாலைக் கருவிகள் இன்று குறைகடத்தி ஆய்வுக்கூடங்களில், சில்லின்மேல் படிந்திருக்கும் கறை எந்தப் பொருளால் ஆனது என்று அடையாளம் காணப் பயன்படுகின்றன. அவருக்குக் கிடைக்காத வேலையை அவருடைய கண்டுபிடிப்பே இன்று பலருக்குத் தந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இனி, படிப்பைப் பற்றி. முதலாண்டில் பள்ளியில் கற்ற விசை, மின்சாரம், அலை ஆகியவையே நுண்கணிதத்தோடு மீண்டும் வருகின்றன. இரண்டாம் ஆண்டில் வெப்ப இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான், சூத்திரத்தை மனனம் செய்து தேர்வெழுதிய பழக்கம் இனி உதவாது என்பது புரியும். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அங்கேதான் இந்தப் படிப்பின் உயிரும் இருக்கிறது.

நம் ஊரோடு ஒட்டிய ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். அகலமான ரப்பர் பட்டை ஒன்றைச் சட்டென்று இழுத்து உடனே உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே சற்று நேரம் பிடித்திருந்து, பிறகு விரைவாகத் தளர்த்தி உதட்டில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். சிறுவயதிலேயே அம்மை நோயால் பார்வையை இழந்த ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர், 1805 இல் இதை இப்படி உதட்டால்தான் கண்டறிந்து எழுதினார். ரப்பரின் மூலக்கூறுகள் சிக்குப்பட்ட நூலைப் போல நெளிந்து சுருண்டு கிடக்கும் நீண்ட சங்கிலிகள். இழுக்கும்போது அவை ஓரளவு நேராகின்றன, ஒழுங்கின்மை குறைகிறது, அதற்கு ஈடாக வெப்பம் வெளிப்படுகிறது. எடையைக் கட்டித் தொங்கவிட்ட இரும்புக் கம்பியைச் சூடாக்கினால் நீள்கிறது. அதே போலத் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் சுருங்கி எடையை மேலே தூக்குகிறது. இதன் காரணத்தைச் சமன்பாட்டிலிருந்து தானே வருவித்துப் பார்க்கும் மாணவருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தன் குடும்பம் தொட்டுப் புழங்கிய பொருள் புதிதாகத் தெரியும்.

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுத்தபோது, கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பாலோடு தண்ணீர் கலந்து அதில் மிதக்கவிட்ட மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியும் இயற்பியல்தான். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே பாலில் ரப்பர் மிகுந்திருந்தால் கருவி ஆழமாக அமிழும். அந்த அளவைக் கொண்டுதான் உலர் ரப்பர் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். பால் வெட்டிய எங்கள் பாட்டிமார் அந்த அளவுகோலின் ஒவ்வொரு கோட்டையும் கவலையோடு பார்த்திருக்கிறார்கள்.

அதே ரப்பரின் மீள்தன்மையை முறையாக ஆராய்ந்ததன் பயனாக, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ மாவட்டத்து நீதிமன்ற வளாகம் ஒன்று 1985 இல் ரப்பர்த் தாங்கிகளின்மேல் எழுந்தது. நிலநடுக்கத்தின் அதிர்வு கட்டடத்துக்குள் அப்படியே ஏறாமல் தடுக்கும் இம்முறையில் அந்நாட்டில் கட்டப்பட்ட முதல் கட்டடம் அதுவே. தாங்கிகளுக்கான இயற்கை ரப்பர்க் கலவையை உருவாக்கியது இங்கிலாந்தில் இயங்கிய மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996 இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா எங்கள் ஊருக்கு மிக அருகில் இருக்கிறது. வாடிக்கையாளரிடமிருந்து பழுதாகித் திரும்பிவந்த சில்லை முதலில் மின்சோதனை செய்து, ஊடுகதிரில் (எக்ஸ்ரே) பார்த்து, பிறகு மேலுள்ள கறுப்புப் பிசின் உறையை அமிலத்தால் கரைத்துத் திறக்கிறோம். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் தெரியும்; அவற்றில் ஒன்று அலுமினியத் தளத்தோடு சேருமிடத்தில் அரித்திருக்கலாம். ஒளி நுண்நோக்கியில் அது ஒரு மங்கிய புள்ளி மட்டுமே, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். 15,000 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளமோ ஏறத்தாழ 0.01 நானோமீட்டர், ஆகவே எலக்ட்ரான் நுண்நோக்கியில் அந்தப் புள்ளி வெடிப்பும் படிவுமாக விரிகிறது. அந்த எலக்ட்ரான் கற்றை படும் இடத்திலிருந்து ஊடுகதிர்கள் கிளம்பும், அலுமினியத்துக்கு 1.49, சிலிக்கானுக்கு 1.74 என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய ஆற்றல் கிலோ எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் உண்டு. அளவீட்டு வரைபடத்தில் 2.62 இல் ஒரு முகடு எழுந்தால் அங்கே குளோரின் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, பிசினிலிருந்தா, கழுவிய நீரிலிருந்தா, மனிதக் கையின் வியர்வையிலிருந்தா என்று தேடுவதுதான் மீதி வேலை. இரண்டாம் ஆண்டில் எலக்ட்ரானின் அலைநீளத்தைத் தரும் டி பிராய் சமன்பாட்டையும், தனிமத்துக்குரிய ஊடுகதிரைச் சொல்லும் மோஸ்லி விதியையும் தாளில் எழுதியபோது, இவை எனக்குச் சோறு போடும் என்று யாரும் சொல்லவில்லை.

கூலிமிலேயே சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான இன்ஃபினியான் ஆலையின் முதல் கட்டம் 2024 இல் திறக்கப்பட்டது. ஒரு பொருளில் கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட்டு மின்சாரம் கடத்தத் தேவைப்படும் ஆற்றலே ஆற்றல் இடைவெளி; சிலிக்கானுக்கு அது 1.12 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கான் கார்பைடுக்கு அது ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே அது மிகுந்த மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்குகிறது. மின்கார்களுக்கு அது தேவைப்படுவதன் காரணம் திண்மநிலை இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது.

மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளர் என்றொரு பணி உண்டு. பெற்றோர் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் நேரியல் முடுக்கி, தரவேண்டிய அளவையே தருகிறதா என்று காலையில் நோயாளிகள் வருமுன் அளந்து பார்ப்பதும், கட்டிக்கு முழு அளவும் அருகிலுள்ள முதுகுத்தண்டுக்கு மிகக் குறைந்த அளவும் சேரும்படி திட்டம் வகுப்பதும் அவர்கள் பொறுப்பு. சுகாதார அமைச்சில் இவர்களுக்கு அறிவியல் அதிகாரி என்று பெயர். இத்துறையில் மலாயாப் பல்கலைக்கழகம் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. பொறுமையும் மனிதரிடத்தில் அக்கறையும் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வானிலை ஆய்வுத் துறை, எண்ணெய் நிறுவனங்களுக்கான நில அதிர்வு ஆய்வு, 1982 முதல் ஒரு மெகாவாட் ஆய்வு அணு உலையை இயக்கிவரும் பாங்கியிலுள்ள மலேசிய அணுவாற்றல் நிறுவனம், அளவியல் ஆய்வுக்கூடங்கள், மென்பொருள், வங்கிகளின் தரவுப் பிரிவு எனப் பல இடங்களில் இயற்பியல் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஆசிரியராக விரும்புகிறவர் பட்டத்துக்குப் பின் கல்வியியல் தகுதியும் பெற வேண்டும்.

மறைக்கக் கூடாத செய்திகளும் உண்டு. தொழிற்சாலையில் பொறியியலாளர் என்ற பதவிப் பெயர் கிடைத்தாலும், பொறியியலாளர் வாரியத்தில் பதிவு பெற அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம் வேண்டும். கட்டட வரைபடத்தில் கையொப்பமிடும் வாழ்க்கையை விரும்பும் பிள்ளை பொறியியலையே எடுக்கட்டும். ஆய்வாளராகவோ விரிவுரையாளராகவோ ஆகும் எண்ணம் இருந்தால் முனைவர் பட்டம் வரை போக வேண்டும். அந்த ஆண்டுகளில் உதவித்தொகைதான் வருமானம். வீட்டில் மூத்த பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பம் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு வழியாகப் போனாலும் மெட்ரிகுலேசன் வகுப்பு வழியாகப் போனாலும் கணிதத்தை விடாதீர்கள். முதலாண்டிலேயே பைத்தான் நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். சோதனைத் தரவுகளைக் கையால் வரைந்துகொண்டிருக்கும் பட்டதாரியை எந்த நேர்காணலிலும் தேர்ந்தெடுப்பது கடினம். ஆய்வுக்கூட வகுப்பில் நண்பரின் அளவீட்டைப் பார்த்து எழுதாமல், பிழை வரம்பை நீங்களே கணக்கிடுங்கள். என் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது, “இந்த அளவு எவ்வளவு நம்பத்தக்கது, எப்படித் தெரியும்?” என்பதுதான். தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது நிர்வாகப் பிரிவில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு காலத்தைக் கழிக்காமல், பழுது ஆராய்ச்சி, நம்பகத்தன்மைச் சோதனை, செயல்முறைப் பிரிவு ஆகியவற்றின் பெயரைக் குறிப்பிட்டே கேளுங்கள். பாடாங் செராய், லூனாஸ் பிள்ளைகள் கூலிமில் இடம் கேட்டால் வீட்டிலிருந்தே மோட்டார் சைக்கிளில் போய்வரலாம். வாடகைச் செலவும் மிச்சம்.